மூளை பைபாஸ் முடிந்த பிறகு பேச்சு குழறுகிறது, ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள்

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 36, சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. போன வருஷத்திலிருந்தே விறகடுப்பு ஊதும்போது வலது கை மரத்துப்போய் ஊதாங்குழல் நழுவி விழும், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் ஒருநாள் வாய் கோணி, பேச்சே வராமல் போய், பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ எடுத்ததில் மோயாமோயா என்றார்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் மண்டைக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் சுருங்கிக்கொண்டே வருகிறதாம். இடது பக்கம் மோசம் என்பதால் அதற்கு முதலில் பைபாஸ் செய்தார்கள். காதுக்கு முன்னால் துடிக்கும் தலைத்தோல் குழாயை எடுத்து, மண்டையோட்டைத் திறந்து, மூளையின் மேலே ஓடும் குழாயில் தைத்திருக்கிறார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுநாள் நன்றாகப் பேசினாள், மாட்டுக்குத் தண்ணி வைத்தாயா என்று என்னையே அதட்டினாள். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் சொம்பைக் காட்டி "அந்தச் சாவியைக் கொடு" என்கிறாள். தப்பாக வருகிறது என்று அவளுக்கே தெரிகிறது, திரும்பத் திரும்ப முயற்சி செய்து கடைசியில் அழுதுவிட்டாள். வலது கை கட்டைவிரல் பக்கமும் உதட்டோரமும் மரத்திருக்கிறது. மத்தியானம் கொஞ்சம் தேவலை, சாயங்காலம் மறுபடி மோசம். உடனே எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். புது அட்டாக் இல்லை, தைத்த குழாயில் ரத்தம் நன்றாக ஓடுகிறது, ஓட்டம் கூடிப்போனதால் வந்தது, ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ரத்தம் பத்தாமல்தானே ஆபரேஷன் செய்தோம், இப்போது ரத்தம் கூடிப்போச்சு என்றால் எப்படி? எங்கள் மாமா ஆபரேஷன் ஃபெயில், அதை மறைக்கிறார்கள் என்று வராந்தாவில் சத்தம் போடுகிறார்.

இன்னொரு குழப்பம், ஆபரேஷனுக்கு முன்னால் பிரஷர் இறங்கவே கூடாது என்று அத்தனை தடவை சொன்னவர்கள் இப்போது மருந்தேற்றி பிரஷரின் மேல் எண் 130ஐத் தாண்டாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். தையல் ஓரத்திலும் காதுக்கு மேலே ஓர் இடம் கருத்த மாதிரி தெரிகிறது. இதெல்லாம் இந்த ஆபரேஷனில் வழக்கமாக வருவதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டாம் கருத்து கேட்க ஊரில் ஆள் இல்லை.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

தம்பி, நான் நியூரோ ஐ.சி.யூவில் வேலை பார்த்தவள். உங்கள் அக்காவை நான் பார்க்கவில்லை, ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை இந்த ஆபரேஷனுக்குப் பின்னால் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு அப்புறம் பேச்சு குழறுவது, ஏறி இறங்கி வருவது, ஸ்கேனில் புதுசாக எதுவும் காட்டாதது, எல்லாமே அந்த ரகம்தான். இது ஏன் வருகிறது என்று டாக்டர் யாராவது வந்து சொல்வார்கள், நான் கட்டிலருகே உங்களால் ஆகக்கூடியதைச் சொல்கிறேன்.

முதல் வேலை மாமாவை வெளியே உட்கார வைப்பது. நிஜமாகத்தான் சொல்கிறேன். சத்தம், சண்டை, அழுகை, வலி எல்லாம் பிரஷரை ஏற்றும். அதோடு விம்மி விம்மி அழும்போது மூச்சு வேகமாகப் போய் உடம்பிலிருக்கும் கரியமில வாயு குறைந்துவிடும், அது குறைந்தால் மூளைக் குழாய்கள் சுருங்கும். உங்கள் அக்காவுக்கு அடுப்பு ஊதும்போது கை விழுந்ததும் இதே காரணத்தால்தான். ஜப்பானில் இந்த நோய் வந்த குழந்தைகளுக்குச் சூடான நூடுல்ஸை ஊதிச் சாப்பிடும்போது இப்படி ஆவதை டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே அவரைச் சோதனை செய்கிறேன் என்று "இது என்ன, அது என்ன" என்று ஆளாளுக்குக் கேட்டு அழ வைக்காதீர்கள். நர்ஸ் மணிக்கொரு தரம் கேட்பதே போதும்.

அடுத்தது, அந்தப் பக்கக் காதுக்கு முன்னாலும் மேலேயும் எதுவும் அழுத்தக் கூடாது. மூக்குக் கண்ணாடிக் கம்பி, ஆக்சிஜன் மாஸ்க்கின் எலாஸ்டிக், இறுக்கமான கட்டு, அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுப்பது, எதுவும் ஆகாது. நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறதே, தலை வலித்தால் துண்டை இறுக்கிக் கட்டுவது, பொட்டில் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது, அது கூடவே கூடாது. புதுக் குழாய் அந்தத் தோலுக்கு அடியில்தான் ஓடுகிறது. பாட்டி, அத்தை யாராவது பாசத்தில் தேய்த்துவிடப் போகிறார்கள், இப்போதே சொல்லி வையுங்கள்.

தையல் கருத்திருப்பதைச் சாதாரணமாக விடாதீர்கள். தலைத்தோலுக்கு ரத்தம் கொடுத்த குழாயைத்தான் எடுத்து உள்ளே திருப்பிவிட்டார்கள், அதனால் தோலின் ஓரம் ரத்தம் பத்தாமல் கருப்பது இந்த ஆபரேஷனில் தெரிந்த விஷயம். பெரும்பாலும் பக்கு மாதிரி உலர்ந்து உதிர்ந்து ஆறிவிடும். ஈரமாக இருந்தாலோ, நாற்றம் வந்தாலோ, தண்ணீர் மாதிரி சொட்டினாலோ அன்றே காட்ட வேண்டும், ஏனென்றால் அது மூளை நீர்க் கசிவாகவும் இருக்கலாம். ரவுண்ட்ஸில் "இந்த இடம்" என்று விரலால் காட்டிக் கேளுங்கள்.

நரம்புக்கட்டு எழுதியது:

நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். சிஸ்டர் முக்கால்வாசி சொல்லிவிட்டார். ரத்தம் பத்தாமல் செய்த ஆபரேஷனில் ரத்தம் எப்படிக் கூடும் என்பதற்கு மட்டும் வருகிறேன்.

மோயாமோயா ஒரே நாளில் வருவதில்லை. பெரிய குழாய் வருஷக்கணக்கில் அடைபட அடைபட, அதற்கு அப்பால் இருக்கும் சிறு குழாய்கள் கிடைப்பதை எல்லாம் வாங்கிக்கொள்ள முழுக்க விரிந்தே கிடக்கும். நமக்கெல்லாம் பிரஷர் ஏறினால் மூளைக் குழாய்கள் தாமாகச் சுருங்கி உள்ளே போகும் ரத்தத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். எப்போதும் விரிந்தே கிடந்த குழாய்களுக்கு அந்தச் சுருங்கும் திறன் போய்விடுகிறது. அந்த நேரத்தில் புதுக் குழாய் வழியாக நல்ல அழுத்தத்தில் ரத்தம் வந்தால், காய்ந்து கிடந்த வாய்க்காலில் ஒரேயடியாக மதகைத் திறந்த கதைதான், கரை ஊறும், அபூர்வமாக உடையும். ஊறினால் அந்த இடம் வீங்கிப் பேச்சும் கையும் தடுமாறும், வலிப்பு வரலாம், தாங்க முடியாத தலைவலி வரலாம். உடைந்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு, அதுதான் நாங்கள் பயப்படுவது. குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்கு, அதிலும் பேச்சுக்கான இடம் இருக்கிற இடது பக்கத்தில் செய்யும்போது, இது கூடுதலாகக் கண்ணில் படுகிறது. குழாய்கள் புது ஓட்டத்துக்குப் பழகியதும் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும்.

இப்போது பிரஷர் விஷயம். தம்பி கேட்ட கேள்விகளிலேயே இதுதான் சரியான கேள்வி. ஆபரேஷனுக்கு முன்னால் குறுகிய குழாய் வழியாக ரத்தத்தைத் தள்ளப் பிரஷர் வேண்டும், அதனால் இறங்கக் கூடாது என்றார்கள். இப்போது இடது பக்கம் வரவு கூடிவிட்டது, அதனால் ஏறக் கூடாது. ஆனால் உங்கள் அக்காவுக்கு வலது பக்கமும் சுருக்கம் இருக்கிறது, அங்கே இன்னும் பைபாஸ் செய்யவில்லை. ரொம்பவும் இறக்கினால் வலது பக்கம் காய்ந்துபோய் அங்கே ஸ்ட்ரோக் வரும். ஒரே தலைக்குள் ஒரு பக்கம் வெள்ளம், மறு பக்கம் வறட்சி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பிரஷர். கத்தி மேல் நடக்கிற வேலை இது. அதனால்தான் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகாமல், நினைத்தவுடன் கூட்டவும் குறைக்கவும் வசதியாக மருந்தை ஊசி வழியாக ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கல், ரத்தம் கூடினாலும் குறைந்தாலும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றேதான். தைத்த இடத்தில் உறைந்து அடைத்துக்கொண்டாலும் பேச்சு குழறும், கை மரக்கும். வைத்தியமோ நேர் எதிர். ஒன்றுக்குப் பிரஷரை இறக்க வேண்டும், மற்றதற்கு ஏற்ற வேண்டும், நீர் ஏற்ற வேண்டும். எனவே ஸ்கேன் பார்க்காமல் கட்டிலருகே நின்று யாரும் முடிவு சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ எடுத்ததால் புது அட்டாக் இல்லை என்று தெரிந்தது. ரத்த ஓட்டத்தையே அளக்கும் ஸ்பெக்ட் ஸ்கேன் வசதி அங்கே இருந்தால் அதையும் எடுத்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள், கேட்பது தப்பில்லை. "எந்தப் பரிசோதனையை வைத்து ஓட்டம் கூடியிருக்கிறது என்று முடிவு செய்தீர்கள், பிரஷருக்கு மேல் எல்லை எவ்வளவு, கீழ் எல்லை எவ்வளவு" என்று இப்படியே கேளுங்கள்.

தெற்குச்சீமை எழுதியது:

யாரையும் பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் இதை யாராவது சொல்ல வேண்டும். இந்த பைபாஸ் ஸ்ட்ரோக்கைத் தடுக்காது என்று 1985ஆம் ஆண்டிலேயே பெரிய ஆய்வு ஒன்று வந்துவிட்டது, 1,377 பேர் சேர்ந்தது. 2011இல் அமெரிக்காவில் இன்னொன்று, அதில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு 30 நாளுக்குள்ளேயே அதே பக்கம் ஸ்ட்ரோக், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 2 சதவீதம். இதைக் குடும்பத்துக்குச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்களா? மாமா கத்துவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

நரம்புக்கட்டு எழுதியது:

தெற்குச்சீமை, எண்கள் எல்லாம் சரி. ஆனால் அவை வேறு நோய்க்காரர்களின் எண்கள். அந்த இரண்டு ஆய்விலும் இருந்தவர்களுக்குக் கொழுப்பு படிந்து கழுத்துக் குழாயோ மூளைக் குழாயோ அடைபட்டிருந்தது. வயதானவர்கள், பலருக்குப் பிரஷர், சர்க்கரை, இதயக் கோளாறு. அவர்களுக்கு மருந்தும் நன்றாக வேலை செய்யும். காஸி யாசர்கில் 1967இல் சூரிச்சில் இந்த பைபாஸை முதன்முதலாகச் செய்தபோது எல்லா அடைப்புக்கும் இதுவே தீர்வு என்ற நம்பிக்கை இருந்தது, அந்த நம்பிக்கையைத்தான் 1985 ஆய்வு உடைத்தது. அதற்கப்புறம் கொழுப்பு அடைப்புக்கு வழக்கமாக இதைச் செய்வது நின்றுபோனது. சீனாவில் செய்து 2023இல் வெளியான ஆய்விலும் மொத்தக் கணக்கில் பெரிய லாபம் தெரியவில்லை.

மோயாமோயா அப்படி இல்லை. குழாய்ச் சுவரே தடித்து உள்பக்கம் மூடிக்கொண்டு வருகிறது, அதை நிறுத்த இன்றுவரை மருந்து கிடையாது. ரத்தக்கசிவோடு வந்த மோயாமோயா நோயாளிகள் 80 பேரை வைத்து ஜப்பானில் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. மறுபடி கசிவது ஆபரேஷன் செய்யாதவர்களிடம் ஆண்டுக்கு 7.6 சதவீதம், செய்தவர்களிடம் 2.7 சதவீதம். இந்த அக்காவுக்கு வந்தது ரத்தம் குறைந்து வரும் வகை. அதற்கு இதே மாதிரி நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்த பெரிய ஆய்வு இல்லைதான், ஆனால் அடிக்கடி கை விழுந்து, பேச்சும் போனவருக்கு மாத்திரையோடு காத்திருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கையெழுத்து வாங்கும்போது சிக்கல்களை எடுத்துச் சொன்னார்களா என்பது வேறு கேள்வி. அதில் உங்களோடு நிற்கிறேன். வீட்டுக்காரர்களிடம் "மூன்றாம் நாள் பேச்சு குழறலாம், பயப்படாதீர்கள்" என்று முன்பே ஒரு வரி சொல்லியிருந்தால் இந்தத் தம்பி இங்கே வந்து கேட்கும் நிலை வந்திருக்காது.

தையல்தலை எழுதியது:

நான் மோயாமோயாக்காரி, இரண்டு பக்கமும் பைபாஸ் முடிந்து சில வருஷம் ஆகிறது. தம்பி, உங்கள் அக்கா சொம்பைச் சாவி என்கிறார். எனக்கும் அப்படித்தான், மனசுக்குள் வார்த்தை இருக்கும், வாய்க்கு வரும்போது வேறு ஒன்றாக மாறியிருக்கும். அதைவிடக் கொடுமை சுற்றி நிற்பவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பது. எனக்குச் சரியாகிவிட்டது. இப்போதும் களைப்பாக இருந்தால் சில வார்த்தைகள் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

யாரும் சொல்லாத சின்னச் சின்னத் தொல்லைகளைச் சொல்கிறேன். தலைத்தோல் பாதி மரத்திருக்கும், சீப்பு படுவது தெரியாது, மெல்ல மெல்ல உணர்வு வரும்போது எறும்பு ஊறும். கன்னப்பொட்டுத் தசையை வெட்டித் திறப்பதால் வாயை அகலத் திறக்க முடியாது, இட்லி போகும், முறுக்கு போகாது. வாயைத் திறந்து மூடும் பயிற்சி எப்போது தொடங்கலாம் என்று பிசியோவிடம் கேளுங்கள். அந்தப் பக்கம் தலையணையில் காது பட்டால் டொக் டொக் என்று துடிப்பு கேட்கும், முதல் நாள் ராத்திரி பயந்தே போனேன், அது புதுக் குழாயின் சத்தம்தான், கேட்பது நல்லதற்கே என்றார் என் டாக்டர். ஆனால் காதுக்குள் புதிதாக இரைச்சல், கூடவே தலைவலி என்றால் சொல்லியாக வேண்டும்.

பெரிய தொல்லை ஒன்றும் வந்தது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து எல்லாம் சரி என்று இருந்த காலத்தில் தலைவலி நாளுக்கு நாள் ஏறியது, கால் தடுமாறியது. ஸ்கேனில் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே பழைய ரத்தம் மெதுவாகச் சேர்ந்திருந்தது. குழாய் அடைக்காமல் இருக்க ஆஸ்பிரின் சாப்பிடுகிறோம் அல்லவா, அதுவே இதற்குத் தோதாகிவிடுகிறது. ஆஸ்பிரினைக் கொஞ்சகாலம் நிறுத்தி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருந்து, அதுவாகவே வற்றிவிட்டது. நிறுத்தியது டாக்டர், நான் இல்லை. யாராவது ரத்தம் மெலிகிற மாத்திரை ஆகாது என்று சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே நிறுத்திவிடாதீர்கள், தைத்த குழாய் அடைத்துக்கொள்ளும்.

வலிப்பு வராமல் இருக்க லெவெடிராசெட்டம் கொடுத்தால் சிலருக்குக் கோபம் தலைக்கேறும். நான் தட்டை எல்லாம் தூக்கி எறிந்திருக்கிறேன். அது குணம் மாறியது இல்லை, மாத்திரை. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர் சொன்ன மாதிரி மாமாவை ஊருக்கு அனுப்பிவிட்டோம், மாடு பார்க்க ஆள் வேண்டும் என்று சொல்லி. நரம்புக்கட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த கேள்வியை அப்படியே கேட்டேன். ரவுண்ட்ஸில் இருந்த பெரிய டாக்டர் நின்று நிதானமாகப் பதில் சொன்னார், ஓட்டத்தை அளந்த படத்தையும் காட்டினார், இடது பக்கம் பளிச்சென்று இருந்தது. பிரஷரின் மேல் எண் 110க்குக் கீழேயும் போகக் கூடாது, 130க்கு மேலேயும் போகக் கூடாது என்றார். அக்கா இன்று சொம்பைச் சொம்பு என்றே சொன்னாள். பெயர்கள்தான் இன்னும் குழம்புகிறது, என் பெயருக்குத் தம்பி மகன் பெயரைச் சொல்கிறாள். தையல் ஓரம் உலர்ந்து இருக்கிறது, பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். வலது பக்கத்தை எப்போது செய்வார்கள், அதிலும் இதே மாதிரி ஆகுமா? அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை, அதற்கும் இது வருமா?

நரம்புக்கட்டு எழுதியது:

வலது பக்கத்துக்கு அவசரப்பட மாட்டார்கள். இந்தப் பக்கம் முழுக்க அடங்கி, ரத்த ஓட்டத்தை மறுபடி அளந்து பார்த்துவிட்டுச் சில மாதம் கழித்துச் செய்வதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். ஓட்டம் கூடும் தொல்லை மறுபடி வரலாம், வராமலும் போகலாம். இந்தத் தடவை வந்ததால் அடுத்த தடவை முதல் நாளிலிருந்தே உஷாராக இருப்பார்கள், அது ஒரு லாபம். அதுவரை உடம்பில் நீர் வற்றக் கூடாது. ஆடி மாசம், கார்த்திகை என்று பச்சைத் தண்ணீர் குடிக்காமல் விரதம், வெயிலில் பால்குடம், எதுவும் வேண்டாம். வாந்தி பேதி வந்தால் வீட்டில் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் நீர் ஏற்றிக்கொள்ள வேண்டும். ரத்தசோகை இருந்தால் சரிசெய்ய வேண்டும். கருத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள், அது ரத்தம் உறைவதைக் கூட்டும், மாற்று வழி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

குழந்தை விஷயத்தில் பெரிதாகப் பயப்பட வேண்டாம். ஜப்பானிலேயே, எங்கே இந்த நோய் அதிகமோ அங்கேயே, குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது சுமார் 10 முதல் 15 சதவீதம்தான். பெண்ணுக்கு அழும்போதோ ஓடி விளையாடும்போதோ கை கால் மரத்தால், அடிக்கடி காலையில் தலைவலி என்றால், ஓர் எம்.ஆர்.ஐ ஆஞ்சியோ எடுத்துப் பார்க்கலாம். ஊசி கூடத் தேவைப்படாது. இரண்டாம் பக்க ஆபரேஷனுக்கு வரும்போது அவர்களிடமே இதையும் கேட்டுவிடுங்கள்.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரி தாளில் அந்த 110, 130 எல்லையை எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம். எந்த மாத்திரை எத்தனை நாளைக்கு, ராத்திரி அவசரம் என்றால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், இதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கையில் கட்டும் பிரஷர் கருவி ஒன்று வாங்கி, அக்கா உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஓய்வெடுத்த பிறகு காலையும் மாலையும் பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். வலிப்பு, திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, வாந்தியோடு மயக்கம், பேச்சு மறுபடி போவது, இதில் ஒன்று வந்தாலும் தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நேரத்தை விடாமல், சி.டி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள், சம்மரி தாளின் ஜெராக்ஸ் ஒன்று எப்போதும் அக்கா பையிலேயே இருக்கட்டும்.